ராபர்ட்டாவுக்குப் பதில் எழுதியவர்கள்

1970களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவின் உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை, அவ்வளவுதான். கொடுத்தவள் பெயர் ராபர்ட்டா பிரைட்மோர். பொன்னிற முடி, புள்ளி போட்ட கவுன், கொஞ்சம் கூச்சம், நிறையத் தனிமை. நாற்பதுக்கும் மேற்பட்ட பதில் கடிதங்கள் வந்தன. எழுதியவர்களில் சிலரை அவள் பொது இடங்களில் சந்தித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள், சேர்ந்து நடந்தார்கள். வந்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரியாது. தூரத்தில் நின்று ஒருவர் அவர்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது ஒன்று. ராபர்ட்டா என்று ஒருத்தி உலகத்திலேயே கிடையாது என்பது இன்னொன்று.

அவளாக வாழ்ந்தவர் லின் ஹெர்ஷ்மன். பிற்காலத்தில் லின் ஹெர்ஷ்மன் லீசன் என்று அறியப்பட்ட அமெரிக்கக் கலைஞர், 1941இல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். தொழில்முறை நடிகை இல்லை. ஆனால் ஒரு கற்பனைப் பெண்ணாகப் பொதுவெளியில் வாழ்ந்து பார்ப்பதை அவர் அளவுக்கு நீளமாகவும் பிடிவாதமாகவும் செய்த நடிகை யாராவது உண்டா என்பது சந்தேகம்தான். 1973இல் தொடங்கி 1978 வரை, ஏறத்தாழ ஐந்து வருடம்!

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1973இல் ஹெர்ஷ்மனும் எலினோர் கொப்போலாவும் (ஆமாம், 'காட்ஃபாதர்' இயக்குநரின் மனைவியேதான்) சான் பிரான்சிஸ்கோவில் டான்டே ஹோட்டல் என்ற மலிவான விடுதியில் அறை எடுத்தார்கள். ஹெர்ஷ்மன் தன் அறைக் கட்டிலில் இரண்டு மெழுகுப் பெண் உருவங்களைப் படுக்க வைத்து, அந்த அறையில் வாழ்ந்தவர்களின் உடைமைகள் போலச் சில பொருட்களையும் பரப்பி வைத்தார். யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். பல மாதம் ஓடியது. ஒரு நாள் நடு இரவுக்கு மேல் வந்த ஒருவர் கட்டிலில் கிடப்பது பிணங்கள் என்று பயந்து போலீஸைக் கூப்பிட, போலீஸார் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அறையில் ஒரு பெண் உண்மையிலேயே இருந்திருந்தால் அவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்ற கேள்வியிலிருந்து பிறந்தவள்தான் ராபர்ட்டா. கதைப்படி அவள் கிரேஹவுண்ட் பேருந்தில் ஊருக்கு வந்து இறங்கி, அதே டான்டே ஹோட்டலில் அறை எடுக்கிறாள்.

வேடம் கட்டுவது என்றால் பொதுவாக விக்கும் மேக்கப்பும் என்று நினைத்துக்கொள்வோம். அது இங்கேயும் இருந்தது. ராபர்ட்டாவின் முகத்தில் எந்த இடத்தில் என்ன நிறம் பூச வேண்டும் என்று தன் புகைப்படத்தின் மேலேயே கோடு போட்டு எண் குறித்து வைத்திருந்தார் ஹெர்ஷ்மன். குழந்தைகளுக்கு எண் பார்த்து வண்ணம் தீட்டும் புத்தகம் கொடுப்பார்களே, அது மாதிரி. ஒரு பெண்ணின் முகம் எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் தேவையில்லை. ஆனால் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ராபர்ட்டாவுக்கு ஓட்டுநர் உரிமம் வந்தது. வங்கிக் கணக்கு வந்தது. கடன் அட்டை வந்தது. தனிக் கையெழுத்து, தனி நடை, தனி உடல்மொழி. பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். மனநல மருத்துவரிடம் போனாள். எடை குறைக்கும் குழுவில் சேர்ந்தாள். ஹெர்ஷ்மனுக்கே கிடைக்காத கடன் வசதி ராபர்ட்டாவுக்குக் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இல்லாத பெண்ணை வங்கி நம்பியது, இருக்கிற பெண்ணை நம்பவில்லை. தாள் சரியாக இருந்தால் ஆள் தேவையில்லை என்பது 1970களிலேயே நிரூபணமாகிவிட்டது!

இதெல்லாம் கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது. யோசிக்க வைப்பது வேறு ஒன்று. இந்த மாதிரி வேலைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு ஏன் எப்போதும் வேடம் போட்டவரைப் பற்றியே இருக்கிறது? அந்த நாற்பது சொச்சம் கடிதங்களை எழுதியவர்கள் எங்கே போனார்கள்?

நம் பத்திரிகை விமர்சனங்களில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு. 'பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார்' என்பது. எந்தப் படமாக இருந்தாலும் யாராவது ஒருவர் வாழ்ந்திருப்பார். இந்தப் பாராட்டின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நடிகர் எவ்வளவு கஷ்டப்பட்டாரோ அவ்வளவு நல்ல நடிப்பு. எத்தனை கிலோ ஏற்றினார், எத்தனை கிலோ இறக்கினார், எத்தனை நாள் தூங்கவில்லை என்ற கணக்கு. ரெனே ஜெல்வெகர் 2001இல் வெளிவந்த 'பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி' படத்திற்காக எடை கூட்டியதைப் பற்றி எழுதப்பட்டதில் பாதிகூட அவர் செய்த இன்னொரு வேலையைப் பற்றி எழுதப்படவில்லை. படப்பிடிப்புக்கு முன்னால் சில வாரங்கள் அவர் லண்டனில் பிக்கடோர் பதிப்பகத்தில் பொய்ப் பெயரில் சாதாரண ஊழியராக வேலை பார்த்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து ஒட்டுவது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கத்தரித்தவற்றில் 'இந்த ஆங்கிலேயப் பாத்திரத்திற்கு ஒரு அமெரிக்க நடிகையா?' என்று அவரையே திட்டி வந்த செய்திகளும் இருந்தன. டெக்சாஸ்காரியான அவர் படப்பிடிப்பு முழுக்க, கேமரா ஓடாத நேரத்திலும், ஆங்கிலேய உச்சரிப்பிலேயே பேசினார். கூட நடித்த ஹியூ கிராண்ட் அவருடைய சொந்தக் குரலைக் கேட்டது எல்லாம் முடிந்தபிறகுதானாம்.

ஜெல்வெகருக்குப் பதிப்பகத்தில் கிடைத்தது என்ன? கஷ்டம் இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் அவரை நட்சத்திரமாக நினைக்காமல் நடத்திய விதம் கிடைத்தது. ஒரு இளநிலை ஊழியரிடம் மேலாளர் எந்தக் குரலில் வேலை சொல்வார், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் என்ன பேசிக்கொள்வார்கள், மதியம் யாரோடு சாப்பிடப் போவார்கள் என்பதெல்லாம் ஒரு நடிகை தனியாக அறையில் உட்கார்ந்து கற்பனை செய்யக்கூடியவை அல்ல. அவற்றை அடுத்தவர்தான் கொடுக்க வேண்டும். நடிப்பின் இந்த வகையில் பாதி வசனத்தை எழுதுவது எதிரே வருகிறவர். சம்பளம் இல்லாமல், தெரியாமல்.

இது புதிய பழக்கமும் அல்ல. நடிப்புப் பயிற்சி என்றாலே முதலில் சொல்லப்படும் பெயரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, ரஷ்யாவில் இளைஞனாக இருந்தபோது இதைச் செய்து பார்த்திருக்கிறார். தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியது. மேடையில் ஏற்கப் போகும் பாத்திரங்களாகவே நாள் முழுக்க இருப்பது என்று வீட்டாரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு முயன்றார். இன்னொரு முறை அந்தி நேரத்தில் நண்பரோடு குடிகார நாடோடிகள் மாதிரி வேடம் போட்டு ரயில் நிலையத்துக்குப் போனார். சிலர் பரிதாபப்பட்டுக் கோபெக் காசு கொடுத்தார்கள். நாய்கள் பாய்ந்தன. காவலர்கள் விரட்டினார்கள். எவ்வளவு விரட்டினார்களோ அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் நடிப்பு பலித்திருக்கிறது! மேடையைவிட வாழ்க்கையில் நுணுக்கமாக நடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்பது அன்று அவர் கற்ற பாடம்.

நல்ல பாடம்தான். ஆனால் அந்தக் கோபெக்? அதைக் கொடுத்தவர் ஒரு பசித்த மனிதனுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு போயிருப்பார். வாங்கியவர் மாஸ்கோவின் பணக்காரத் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளை. தொகை அற்பம். ஆனாலும் ஒருவருடைய இரக்கம் ஒத்திகைக்குச் செலவாகிவிட்டது. இந்த ஒரு கோபெக் கணக்கு பின்னால் வந்த எல்லோரிடமும் இருக்கிறது, கூடுதலாகவோ குறைவாகவோ.

'எழுத்தாளன் பஸ்ஸில் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்டு எழுதவில்லையா? அதற்கு யார் அனுமதி வாங்குகிறார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒட்டுக் கேட்பவன் எதையும் கேட்டு வாங்குவதில்லை. அவன் இல்லாவிட்டாலும் அந்தப் பேச்சு நடந்திருக்கும். வேடம் போட்டு எதிரே வந்து நிற்பவள் அப்படி இல்லை. அவளுக்காக ஒருவர் நேரம் ஒதுக்குகிறார், கவலைப்படுகிறார், சில சமயம் ஆசைப்படுகிறார். அந்த உணர்ச்சி அவளால்தான் உண்டாகிறது, அவளுக்கென்றே கொடுக்கப்படுகிறது. பெற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

சின்ன வயதில் எல்லோரும் படித்த ராஜா கதைகளை நினைத்துப் பாருங்கள். ராஜா இரவில் மாறுவேடத்தில் நகர்வலம் போவார். ஒரு குடிசையில் கஞ்சி கிடைக்கும், ஆட்சியைப் பற்றி நாலு வசவும் கிடைக்கும். எல்லாக் கதையிலும் தவறாமல் ஒரு மறுநாள் வரும். குடிசைக்காரரைச் சபைக்கு அழைத்து வருவார்கள். நேற்று வந்தது யார் என்று அவருக்குத் தெரியும். பயந்து நடுங்குவார், பிறகு பொற்கிழி கிடைக்கும். பொற்கிழியை விட்டுத் தள்ளுங்கள். 'நேற்று உன்னிடம் வந்தது நான்தான்' என்று ராஜா சொல்கிறார் பாருங்கள், அதுதான் முக்கியம். அந்த மறுநாள் இல்லாவிட்டால் அது ராஜா கதை இல்லை, ஒற்றன் கதை.

சினிமாவில் இந்த மறுநாளை ஐந்து நிமிடத்தில் முடித்தவர்களும் உண்டு. ஜொனதன் கிளேசர் இயக்கி 2013இல் வந்த 'அண்டர் த ஸ்கின்' படத்தில் ஸ்கார்லெட் ஜோஹான்சன் கறுப்பு விக்கும் ஃபர் கோட்டும் போட்டுக்கொண்டு கிளாஸ்கோ வீதிகளில் வேன் ஓட்டுவார். வழியில் போகிற ஆண்களை நிறுத்தி வழி கேட்பார், பேச்சுக் கொடுப்பார், ஏறச் சொல்வார். அவர்களில் சிலர் நடிகர்களே அல்ல. வேனுக்குள் மறைத்து வைத்த கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. உலகப் புகழ் பெற்ற நடிகை என்று அடையாளம் தெரியாமலே பேசியிருக்கிறார்கள். பேசி முடித்ததும் படக்குழுவினர் போய் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். பிடிக்காதவர் மறுத்துவிட்டுப் போகலாம். இந்தப் படத்தில் ஜோஹான்சன் நடிப்பது ஆண்களை வேட்டையாடும் வேற்றுக்கிரக ஜீவனாக. அப்படிப்பட்டவளின் படப்பிடிப்பில் மற்ற பல இடங்களைவிடக் கண்ணியம் இருந்திருக்கிறது என்பது விநோதம்தான்.

கண்ணியத்தில் குறை வைத்த ஒரு உதாரணத்துக்கு 2020க்கு வர வேண்டும். அந்த வருடம் அக்டோபரில் அமேசான் பிரைமில் வெளியான இரண்டாவது 'போராட்' படத்தில் சாஷா பேரன் கோஹனின் மகளாக, துத்தார் என்ற பதினைந்து வயதுப் பெண்ணாக நடித்தவர் மரியா பக்கலோவா. பல்கேரிய நடிகை, அதற்கு முன் அமெரிக்காவில் யாருக்கும் தெரியாதவர். முகம் தெரியாதது அவருக்குப் பெரிய பலம். சாஷாவை 2006இல் வந்த முதல் படத்திற்குப் பிறகு தெருவில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஆனால் பக்கலோவா துத்தாராக எங்கே வேண்டுமானாலும் போகலாம். போனார். பொது நிகழ்ச்சிகளில், வீடுகளில், கடைகளில், நிஜ மனிதர்கள் மத்தியில் வெட்கமில்லாமல், பயமில்லாமல், வேடம் கலையாமல் இருந்தார். அடுத்த வருடம் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அதற்கு முழுத் தகுதி உடைய நடிப்பு, அதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை.

அந்தப் படத்தில் எல்லோரும் பேசியது முன்னாள் நியூயார்க் மேயர் ரூடி ஜூலியானியை ஹோட்டல் அறையில் பேட்டி காணும் காட்சியைப் பற்றி. அவர் அப்போது அதிபர் டிரம்ப்பின் வழக்கறிஞர். மைக்கைக் கழற்றிய பிறகு சட்டையைச் சரி செய்துகொண்டேன் என்று அவர் விளக்கம் கொடுத்தார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இந்தக் காட்சியில் பெரிய தர்மசங்கடம் எதுவும் இல்லை. அதிகாரத்தில் இருப்பவருக்குத் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள ஆயிரம் வழி இருக்கிறது. மறுநாளே பத்திரிகையில் மறுப்புச் சொல்லலாம். சொன்னார்.

சங்கடமான காட்சி வேறு. துத்தாரைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்ள ஓக்லஹோமா நகரத்தைச் சேர்ந்த ஒரு பாட்டியை அமர்த்துகிறார்கள். கறுப்பினப் பெண்மணி, பகட்டில்லாதவர். குழந்தைத் திருமணம் பற்றிய ஆவணப்படம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால் காலில் சங்கிலி போட்ட ஒரு பெண்! அவளை ஒரு கிழவனுக்குக் கொடுக்கப் போகிறார்களாம், அதற்காக அறுவை சிகிச்சை செய்து உடம்பை அழகாக்கப் போகிறார்களாம். பாட்டி பதறவில்லை, சிரிக்கவும் இல்லை. நீ இப்படியே அழகாகத்தான் இருக்கிறாய், அப்பா சொல்வதையெல்லாம் நம்பாதே, உன் மூளையைப் பயன்படுத்து, படி என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்கிறார். படம் முழுக்க அசடு வழிகிற, வெறுப்பைக் கக்குகிற மனிதர்கள் நடுவே அவர் ஒருவர்தான் மனிதராகத் தெரிகிறார். துத்தார் என்ற பாத்திரம் கதையில் மாறுவதே அந்தப் பேச்சால்தான். சொல்லப்போனால் அந்தத் திருப்பத்தை எழுதியவர் அவர்.

படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று அவர் மாதக்கணக்கில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவளுக்காகப் பிரார்த்தனை செய்தார். படம் வெளிவரும் நேரத்தில்தான் உண்மை தெரிந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்டது 3,600 டாலர். இது போதாது என்று அவருடைய தேவாலயத்தின் போதகர் இணையத்தில் நிதி திரட்டத் தொடங்க, ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். பிறகு சாஷாவும் அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த மக்களுக்காக 1,00,000 டாலர் நன்கொடை கொடுத்தார்.

'பணம் கிடைத்துவிட்டதே, பிறகென்ன?' என்பவர்கள் இருக்கிறார்கள். 'கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே!' என்பவர்களும் இருக்கிறார்கள். முதல் போராட் படத்திற்குப் பிறகு வழக்குப் போட்ட பலரும் தோற்றது இந்தக் கையெழுத்தால்தான். சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பாட்டி கையெழுத்துப் போட்டது ஒரு ஆவணப்படத்துக்கு. பல மாதக் கவலைக்கு யாரும் படிவம் நீட்டவில்லையே. இத்தனைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். 'அம்மா, அந்தப் பெண் நடிகை, நலமாக இருக்கிறாள், படம் வெளிவரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று சொல்லியிருந்தால் அவர் சொல்லியிருக்கவா போகிறார்? அதே படத்தில் யூத இன அழிப்பிலிருந்து தப்பிப் பிழைத்த ஒரு மூதாட்டியிடம் மட்டும் மரியாதை கருதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் சொல்ல முடியாது என்பதில்லை. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தராசு வைத்திருக்கிறார்கள், அதில் ஓக்லஹோமா பாட்டி எடை குறைந்துவிட்டார்.

இதனால் இந்த வகை நடிப்பே கூடாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. துத்தார் என்ற பெண் இல்லாவிட்டால் அந்தப் பாட்டியின் பெருந்தன்மை அந்தப் படத்தில் வந்திருக்காது. ஒரு நட்சத்திரத்துக்கு உலகம் தன் உண்மை முகத்தைக் காட்டுவதே இல்லை, எல்லோரும் பல்லைக் காட்டுவார்கள். வேடத்தை விட்டால் அவர்களுக்கு வேறு வாசல் கிடையாது. ராபர்ட்டா விஷயத்தில் இது இன்னும் உண்மை. 1970களின் அமெரிக்க நகரத்தில் தனியாக வந்து இறங்கும் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று ஆயிரம் பேரிடம் பேட்டி எடுத்திருந்தாலும், அந்த ஆண்கள் உண்மையைச் சொல்லியிருப்பார்களா? 'வீடு பகிர ஆள் தேவை' என்ற விளம்பரத்துக்கு எந்த எண்ணத்தில் பதில் எழுதினேன் என்று யார் ஒப்புக்கொள்வார்?

என்ன நடந்தது என்பதை ராபர்ட்டாவின் உடம்பு தெரிந்துகொண்டது. சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் நடந்த ஒரு சந்திப்பில் அவளைப் பாலியல் தொழிலுக்கு இழுக்கப் பார்த்தார்கள். கழிப்பறைக்குள் புகுந்து தோற்றத்தை மாற்றிக்கொண்டுதான் தப்பிக்க வேண்டியிருந்தது. சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ராபர்ட்டாவைத் துரத்துகிறார்கள். தப்பிக்க வேண்டுமென்றால் அவள் ராபர்ட்டாவாக இல்லாமல் போக வேண்டும். ஹெர்ஷ்மனுக்கு அந்த வசதி இருந்தது, விக்கைக் கழற்றினால் போதும். உண்மையான ராபர்ட்டாக்களுக்கு இல்லை. பேருந்தில் வந்து இறங்கி, கையிருப்பைச் செலவழித்துக்கொண்டு, விளம்பரம் கொடுத்து ஆள் தேடிய எத்தனையோ பெண்களுக்குக் கழற்ற எதுவும் இருந்திருக்காது. இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே ராபர்ட்டாவின் ஐந்து வருடத்தை வீண் என்று தள்ள முடியாது.

பிற்பாடு ஹெர்ஷ்மன் ஒரு காரியம் செய்தார். தன்னோடு இன்னும் மூன்று பெண்களையும் ராபர்ட்டாவாக்கினார். அதே விக், அதே மாதிரி உடை. ஒருவர் செய்த பரிசோதனையை மற்றவர்கள் செய்தால் வேறு முடிவு வருமா என்ற ஆர்வமாக இருக்கலாம், ராபர்ட்டாவிலிருந்து தான் விலகும் முயற்சியாகவும் இருக்கலாம். முடிவு வேறாகவில்லை. அவர்களுக்கும் கசப்பான அனுபவங்களே நேர்ந்தன. அதோடு நிறுத்திக்கொண்டார். 1978இல் இத்தாலியின் ஃபெராரா நகரில், லுக்ரேசியா போர்ஜியாவின் கல்லறையில், பேயோட்டும் சடங்கு போல ஒன்று நடத்தி ராபர்ட்டாவை முடித்து வைத்தார். கொஞ்சம் நாடகத்தனம் அதிகம்தான். ஆனால் நிறுத்திய காரணம் சரியானது. தன் உடம்பைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு, அடுத்தவர் உடம்பை வைப்பது வேறு கணக்கு.

அதே வருடம் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் 'லின் ஹெர்ஷ்மன் ராபர்ட்டா பிரைட்மோர் அல்ல' என்ற தலைப்பில் கண்காட்சி நடந்தது. உரிமம், எக்ஸ்ரே, மருத்துவக் குறிப்பு என்று ஒரு மனுஷிக்கு இருக்க வேண்டிய அத்தனை தாள்களும் அவளுக்கு இருந்தன. ராபர்ட்டா மாதிரி தோற்றம் உள்ளவர்களுக்குப் போட்டிகூட வைத்தார்கள். இந்த வேலையின் அருமை உலகத்துக்குப் புரிய வெகு காலம் ஆனது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் 2014இல் தொடங்கிய பெரிய கண்காட்சிக்குப் பிறகுதான் ஹெர்ஷ்மன் லீசன் பெயர் பரவலாகப் பேசப்பட்டது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இணையத்தில் ஆளுக்கு நாலு பொய்க் கணக்கு வைத்திருக்கும் காலத்தில் ராபர்ட்டாவைத் தீர்க்கதரிசி என்றார்கள். அப்படிச் சொல்வது எளிது. பொய்க் கணக்கை யாரும் விலங்குக் காட்சிசாலைக் கழிப்பறை வரை துரத்துவதில்லை என்ற வித்தியாசம் மட்டும் இருக்கிறது.

கண்காட்சிகளில் மாட்டப்படும் அந்தப் பூங்கா புகைப்படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது ராபர்ட்டாவை. புள்ளி கவுன் கண்ணில் படும்படி இருக்கிறது. பெஞ்சின் மறுபக்கம் இருக்கும் ஆண் எதற்கு வந்தார்? கடிதம் எழுதிய எல்லோரும் சான் டியாகோ ஆட்கள் மாதிரி இருந்திருக்க முடியாது. வாடகை கட்ட முடியாமல் வந்தவர் இருக்கலாம். ராபர்ட்டா அளவுக்கே தனிமையில் இருந்தவரும் இருக்கலாம், அவர் தனிமை விக் வைத்ததாக இருக்காது. தூரத்துக் கேமராவுக்கு இந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது, எல்லோரையும் ஒரே மாதிரி எடுத்திருக்கிறது. சில படங்களின் தலைப்பில் ராபர்ட்டாவுக்கு அடுத்து ஒரு ஆணின் முதல் பெயர் மட்டும் இருக்கிறது.